சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பல் பிடுங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வேலூரில் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் ஏப்ரல் மாதம் எங்களுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். புகார் மனு தயாராகிக்கொண்டிருப்பதால் மருத்துவமனையின் பெயரையோ அது இருக்கும் தெருவையோ இங்கே குறிப்பிடவில்லை. தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம். பெயரைவிட, அங்கே என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே தவறு எந்த ஊரிலும், எந்த மருத்துவமனையிலும் நடக்கலாம்.

எங்கள் பூனையின் பெயர் சாம்பு. சாம்பல் நிறம், பதினொரு வயது, கருத்தடை செய்த ஆண் பூனை. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை ஏழரை, மாலை ஏழரை என்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கிளார்ஜின் இன்சுலின் இரண்டு யூனிட் போட்டு வந்தோம். என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கு வேறு இன்சுலின். குளிர்பதனப் பெட்டியின் கதவில் மேல் தட்டு அம்மாவுக்கு, கீழ்த் தட்டு சாம்புவுக்கு. அம்மாவின் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, சாம்புவின் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட மாறியதில்லை.

மூடியின் நிறத்தைப் பற்றி விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் விற்கும் சாதாரண மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வீரியம் கொண்டது. அதற்கான சிரிஞ்சில் 40 என்று அச்சிட்டிருக்கும், மூடி சிவப்பு. கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு 100 என்று அச்சிட்ட, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். இந்த 100 வீரிய மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால், நீங்கள் இரண்டாம் கோடு வரை இழுத்தாலும் உள்ளே வருவது ஐந்து யூனிட். இரண்டரை மடங்கு. எழுபது கிலோ மனிதருக்கே ஆபத்தான பிழை இது. சாம்புவின் எடை ஐந்து கிலோ.

மார்ச் மாதத்திலிருந்து சாம்புவுக்கு வாயில் எச்சில் ஒழுகியது. ஒரு பக்கமாகவே மென்றான். சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கவில்லை, 350, 400 என்று ஏறியது. பல்லிலும் ஈறிலும் சீழ் பிடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பல்லைச் சரிசெய்தால் சர்க்கரையும் இறங்கும் என்று அந்த மருத்துவமனையின் டாக்டர் சொன்னார். அது உண்மைதான். அந்த உண்மைக்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது: சீழும் வலியும் போன பிறகு பழைய அளவு இன்சுலின் உடம்புக்கு அதிகமாகிவிடலாம். இதை அவர் சொல்லவில்லை. நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அறுவை சிகிச்சை நாளன்று காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். இன்சுலின் குப்பியையும் சிரிஞ்ச் பெட்டியையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். கொடுத்தேன். சர்க்கரை உள்ள பூனையை அன்றைய முதல் ஆளாக எடுத்துச் செய்ய வேண்டும், காலை ஊசியைப் பாதியாக்க வேண்டும், மயக்கத்தில் இருக்கும்போது சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். எங்களிடம் முழு ஊசி போட்டு அழைத்து வரச் சொன்னார்கள். முதல் ஆளாகவும் எடுக்கவில்லை. பகல் இரண்டு மணிக்குத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அதுவரை பதினெட்டு மணி நேரம் வெறும் வயிறு. நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இப்போதாவது சர்க்கரை பார்த்தீர்களா?" என்று மூன்று முறை கேட்டேன். "பார்த்துக்கொள்கிறோம் மேடம்" என்றார்கள் மூன்று முறையும்.

மாலை ஆறு மணிக்கு ஒப்படைத்தார்கள். நான்கு பல் பிடுங்கியிருந்தார்கள். சாம்புவின் கீழ்த்தாடை வீங்கி, நாக்கு நுனி வெளியே தெரிந்தது. பையைத் திறந்து பார்த்தேன். என் ஆரஞ்சு மூடிப் பெட்டி இல்லை. அதற்குப் பதிலாகப் பத்து சிவப்பு மூடி சிரிஞ்ச் கொண்ட புதுப் பொட்டலம். ரசீதிலும் ஏறியிருந்தது. உதவியாளரான அந்தப் பெண்ணிடம், "இது வேறு மாதிரி இருக்கிறதே, என் பெட்டி எங்கே?" என்று கேட்டேன். "உங்களுடையது எங்கேயோ கலந்துவிட்டது அக்கா. எல்லாம் இன்சுலின் சிரிஞ்ச்தான், ஒன்றும் வித்தியாசமில்லை" என்றாள். அவள் சின்னப் பெண், அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்திலேயே டாக்டர் நின்றார். அவரைப் பார்த்துக் கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். "வழக்கம்போல இரண்டு யூனிட். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நேரம் மட்டும் தவறக் கூடாது" என்றார்.

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் முழு ஊசி போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். சர்க்கரை உள்ள பூனை வைத்திருக்கும் யாரிடமும் ஒரு மருத்துவர் இப்படிச் சொன்னால், மேற்கொண்டு ஒரு கேள்வியாவது கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

வீட்டுக்கு வந்து, கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து அரைத்து, விரலில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்படி வைத்தேன். இரண்டு முறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழரை மணிக்கு ஊசி போடப் போனேன். அம்மா சிரிஞ்சைப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது என்னுடையது மாதிரி இருக்கிறதே" என்றார். "டாக்டரே கொடுத்ததும்மா" என்றேன். இரண்டாம் கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டேன்.

பதினொன்றரை மணி இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஏதோ தரையில் தட்டுகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பு பக்கவாட்டில் கிடக்கிறான். நான்கு காலும் தண்ணீரில் நீந்துவதுபோல அடித்துக்கொள்கின்றன. கண் விரிந்து, வாய் ஓரம் இரத்தம் கலந்த நுரை. அம்மாவின் குளுக்கோமீட்டரை எடுத்து அவன் காது ஓரத்தில் குத்தினேன். 31. சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருந்தது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வலிப்பில் கிடக்கிற பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் பார்க்க முடியாது.

தேனை எடுத்து, தையல் போடாத பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் விரலால் தடவினேன். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தடவ மட்டுமே வேண்டும், பல்லுக்கு நடுவில் விரல் போகாமல். பத்து நிமிடத்தில் கால்கள் நின்றன. மீட்டரில் 44. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி 36. கிளார்ஜின் மணிக்கணக்கில் வேலை செய்யும் மருந்து. தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மறுபடி தேன், மறுபடி காதில் குத்து.

மருத்துவமனையின் பலகையில் 24 மணி நேர அவசர சேவை என்று எழுதியிருக்கிறது. ரசீதிலும் அச்சிட்டிருக்கிறது. அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்தார். சாம்புவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஷட்டர் பூட்டியிருந்தது. தட்டினோம். நாய்கள்தான் குரைத்தன.

திரும்பும் வழியில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலை. அந்த நேரத்திலும் மருந்துக் கடைகளில் விளக்கு எரிகிறது. எங்கெங்கிருந்தோ, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் சீட்டோடு நிற்கிறார்கள். உலகம் வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. அந்த ஊரில் மடியில் ஒரு பூனை மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க, யாரிடம் போவது என்று தெரியாமல் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கடைக்காரர் குளுக்கோஸ் பொட்டலமும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் எடுத்துத் தந்தார். கையிலிருந்த சிவப்பு மூடியைக் காட்டி, கிளார்ஜினுக்கு இதையா கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "இதில் எடுத்தால் இரண்டரை மடங்கு போகுமே அம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மருந்துக் கடைக்காரருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

தோழி ஒருத்தி கொடுத்த எண்ணில், காட்பாடிப் பக்கம் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவர் இரண்டு மணிக்குப் போனை எடுத்தார். எங்களை முன்பின் அறியாதவர். கால்மணிக்கு ஒரு முறை அளந்து தனக்குச் சொல்லும்படி சொல்லி, விடியும் முன்பே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தார். முன்காலில் ஊசி குத்தி டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் நீரை ஏற்றினார். ஆறு மணிக்கு 118. ஏழு மணிக்குச் சாம்பு தலையைத் தூக்கி, பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அதுவரை பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

காட்பாடி டாக்டர் சொன்னபடி சர்க்கரை ஏறும்வரை ஊசியை நிறுத்தி வைத்தோம், பிறகு அரை யூனிட்டில் தொடங்கினோம். இது சாம்புவுக்குச் சொன்ன அளவு, உங்கள் பூனைக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஊசியை நிறுத்தினால் மறுபக்க ஆபத்தும் உண்டு. சிறுநீரில் கீட்டோன் என்ற அமிலப்பொருள் சேரும், வாந்தி எடுக்கும், சோறு தண்ணீர் இறங்காது. அதைப் பார்க்கும் பட்டைகள் மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. மண்ணைக் கிளறும் நேரம் பார்த்துக் கரண்டியோடு காத்திருந்து சிறுநீர் பிடித்தேன். பட்டை நிறம் மாறவில்லை. பல் பிடுங்கிய பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரைக் கொண்டுபோய்விடும் என்பதால், அரைத்த கறியைச் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே இருந்தோம். வெங்காயம், பூண்டு போட்ட எதையும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அவை விஷம். வலி என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் தொடவே தொடாதீர்கள், ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடும்.

நான்காம் நாள் அந்த மருத்துவமனைக்குப் போனேன். மயக்கத்தில் இருந்தபோது சர்க்கரை எவ்வளவு இருந்தது, எழுதிய தாளைக் காட்டுங்கள் என்றேன். தாள் இல்லை. ரசீதில் பல் எக்ஸ்ரே என்று 1,500 ரூபாய் போட்டிருக்கிறீர்களே, படத்தைக் கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் அழிந்துவிட்டது என்றார் டாக்டர். சிரிஞ்சைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் உயர்ந்தது. "பூனை பிழைத்துவிட்டது அல்லவா, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?" என்றார். மொத்தம் 14,500 ரூபாய் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: ஒரு தாள் வேண்டும். என் பூனையை மயக்கத்தில் வைத்திருந்த நேரத்தில் அவனை யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு ஒரு தாள்.

கதை அங்கேயும் முடியவில்லை. மூன்று வாரம் கழித்தும் எச்சில் நிற்கவில்லை. காட்பாடி டாக்டரின் ஆலோசனைப்படி சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே எடுத்த எக்ஸ்ரேயை எங்களிடமே திருப்பிக் காட்டினார்கள். பிடுங்கியதாகச் சொன்ன நான்கு பல்லில் இரண்டின் வேர் ஈறுக்குள்ளேயே முறிந்து கிடந்தது, சுற்றிலும் சீழ். பூனைப் பல்லின் வேர் மெல்லியது, எளிதில் முறியும். பிடுங்கிய பிறகு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் அன்றே தெரிந்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு எடுக்காமல் விட்ட படம் அது.

இரண்டாம் முறை செய்தவர்கள் காலை எட்டரைக்கே எடுத்துக்கொண்டார்கள். அரைமணிக்கு ஒரு தடவை பார்த்த சர்க்கரை அளவை நேரத்தோடு எழுதி, அந்தத் தாளின் நகலை நான் கேட்காமலேயே கொடுத்தார்கள். பூனை தானாகச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். இரவு எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எந்த அளவுக்குக் கீழே போனால் ஊசி போடக் கூடாது என்று கையால் எழுதியும் கொடுத்தார்கள். நீங்கள் எங்கே போனாலும் கத்தி வைப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சிரிஞ்சை உங்கள் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்துத் திரும்ப வாங்கினால், மூடியைப் பார்ப்பதோடு நிற்காமல் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள்.

இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் யாராவது இருந்தால் ரசீதையும் மருந்துச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரின் நடத்தை பற்றி மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும் தனியே எழுதலாம். நான் இரண்டும் செய்கிறேன். பணத்தைத் திருப்பித் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று போன வாரம் ஓர் ஆளை அனுப்பினார்கள். வாங்கவில்லை. பொட்டலத்தில் மீதமிருந்த ஒன்பது சிவப்பு மூடி சிரிஞ்சையும் ரசீதோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி, மனுவோடு சேர்ப்பதற்கு வைத்திருக்கிறேன்.

இன்று காலை சாம்புவுக்கு 142.