ஆக்டோபஸ் கள ஆய்வு: முக்குளிப்பாளரா, நிலைக் கேமராவா?

ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில், பொழுதுபோக்கு முக்குளிப்பாளரான மேத்யூ லாரன்ஸ் 2009-இல் கண்டறிந்த ஆக்டோபஸ் குடியிருப்பை ஆண்டுக்கணக்கில் கவனிக்க, நீரில் இறங்கிப் பார்க்கும் முக்குளிப்பாளர், கடலடியில் நிறுத்திவைக்கும் நிலைக் கேமரா ஆகிய இரு வழிகளும் பயன்பட்டுள்ளன. நெடுநாள் ஆய்வுக்கு எதில் பணம் போடுவது என்று தயங்குவோருக்கு அந்த இடம் நல்ல சான்று.

செலவு: முக்குளிப்புக்கு ஒவ்வொரு முறையும் படகு, படகோட்டி, துணை முக்குளிப்பாளர், காற்று உருளை ஆகியவை தேவை. கேமராவை ஒருமுறை வாங்கினால் போதும் என்றாலும், அதை வைக்கவும் எடுக்கவும் ஆள் இறங்கியே ஆக வேண்டும்.

நேரம்: மனிதர் காற்று தீர்வதற்குள் மேலேறியாக வேண்டும், கேமரா மின்கலம் தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்.

நம்பகம்: ஆள் அருகிலிருந்தால் விலங்கின் நடத்தை மாறக்கூடும். ஆக்டோபஸ்கள் சிப்பி ஓட்டையும் வண்டலையும் கைகளுக்கடியில் திரட்டி, சைஃபன் எனும் உடற்குழாய் வழியே நீரைப் பீய்ச்சி எறிவதை நிலைக் கேமராக்களே பதிவுசெய்தன. 2022-இல் வெளியான ஆய்வு அத்தகைய 102 எறிதல்களை விவரித்தது. அவற்றை எண்ணியவர்கள் கேமராவில் பதிவான காணொளியை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த மனிதர்கள். நிதி கோரும்போது எளிதில் விடுபட்டுப்போகும் செலவும் இதுவே.

ஆக்டோபஸ்கள் தமக்குள் பழகும் விதத்தை அறியக் கேமரா பொருந்தும். புது வளைகளைத் தேடவும் இரையின் ஓடுகளைச் சேகரிக்கவும் முக்குளிப்பாளரே பொருந்துவர். நிதி குறைவென்றால் உள்ளூர் முக்குளிப்பாளரை முதலில் சேர்த்துக்கொண்டு, கேமராவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம்.