குட்டி யானையின் கூரைக்கு வெள்ளை: வேலூர் வெயிலில் கூல் ரூஃப் பெயின்ட்

வேலூரில் பேக்கரி சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடும் டாடா ஏஸ் எங்களுடையது. பின்னால் நாலு பக்கமும் மூடிய கன்டெய்னர் பாடி. உள்ளே சதுரக் குழாய்ச் சட்டம், வெளியே ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), பின்பக்கம் இரட்டைக் கதவு. கூரை ஏறத்தாழ 7 அடிக்கு 5 அடி. பெயின்ட் கடையில் 'கூல் ரூஃப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட், அதை இந்தக் கூரைக்கு அடித்து சில கோடைகள் ஓட்டியாயிற்று. கூண்டு வண்டி வைத்திருப்பவர்கள் 'அடிக்கலாமா' என்று கேட்கிறார்கள். தாராளமாக அடிக்கலாம். கூடவே கூரையைக் கழுவும் வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கழுவ ஆள் இல்லை என்றால் அந்தக் காசை வேறு எதிலாவது போடுங்கள்.

முதலில் ஏன் கூரை மட்டும் என்று சொல்லிவிடுகிறேன். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நம் நிழல் நம் காலடியிலேயே விழும். ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை அப்படி வரும். அக்னி நட்சத்திரக் காலமான மே முழுக்கவும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதனால் உச்சி நேரத்தை ஒட்டி பக்கத் தகடுகளில் வெயில் சும்மா உரசிக்கொண்டு போகும். அப்போது அடி பெரும்பாலும் கூரைக்குத்தான். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட் வெப்பம் விழுகிறது. எங்கள் கூரை மூன்று சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று இஸ்திரிப் பெட்டியைப் போட்டு கூரைமேல் கவிழ்த்து வைத்தால் எப்படியோ அப்படி.

எங்கள் சரக்குக்கு இது நேரடி நஷ்டம். விடியற்காலை ஏற்றினால் காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று சுற்றி கடைசிக் கடையில் இறக்க மத்தியானம் இரண்டு மணி ஆகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகி, ராத்திரி கடையில் மறுபடி இறுகும்போது மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை படியும். தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் எந்தக் குழந்தையும் வாங்காது, கடைக்காரர் ரிட்டர்ன் போடுவார். பட்டர் பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம் எண்ணெய்க் கறை ஏறும். பன் கவருக்குள் வியர்த்து, இரண்டு நாள் தாங்க வேண்டியது மறுநாளே பூசணம் பிடிக்கும். கோடையில் எங்கள் ரிட்டர்ன் பெட்டியைத் திறந்தாலே வெயில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நிறைய பேருக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. ஜி.ஐ. தகடே பளபளவென்றுதானே இருக்கிறது, அது வெயிலைத் திருப்பாதா? புதுத் தகடு ஓரளவு திருப்பும். ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் பளபளப்பான உலோகம் ரொம்பக் கஞ்சத்தனம். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகும். வெள்ளை பெயின்ட் இரண்டு வேலையையும் செய்கிறது. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிறது, மிச்சமாக உள்ளே போன சூட்டையும் வானத்துப் பக்கம் கக்கிவிடுகிறது. தகடு பழையதாகி மங்கிவிட்டால் திருப்புவதும் குறைந்துபோகும். எங்கள் கூரை அந்த நிலையில்தான் இருந்தது.

வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி வைத்து அளக்கிறவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். வெறும் தகட்டின்மேல் அதைக் காட்டினால் நிஜத்தைவிட ரொம்பக் குறைத்துக் காட்டும். அந்தக் கருவி தகடு வெளிவிடும் வெப்பக் கதிரைத்தான் படிக்கிறது, பளபளப்பான தகடோ அதிகம் வெளிவிடுவதில்லை. தகட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து அந்த டேப்பைக் காட்டி அளந்தால் சரியான கணக்கு கிடைக்கும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் நான் அப்படித்தான் பார்த்தேன். உள்ளே காற்றின் சூட்டுக்கு சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை கம்பியில் கட்டி, பன் டிரே இருக்கும் உயரத்தில் தொங்கவிட்டோம்.

எந்த பிராண்ட் என்று எழுதப்போவதில்லை. டப்பாவில் இருக்கும் எண்தான் முக்கியம். எஸ்.ஆர்.ஐ. என்று ஒன்று போட்டிருப்பார்கள், வெயிலைத் திருப்புவதையும் சூட்டை வெளிவிடுவதையும் சேர்த்துச் சொல்லும் எண். அளவுகோலாக வைத்த ஒரு கறுப்புப் பரப்புக்கு 0, அதேபோல ஒரு வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்து அளப்பது அது. நல்ல கூல் ரூஃப் பெயின்ட் 100-ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். அதோடு வெயிலைத் திருப்பும் அளவு, சூட்டை வெளிவிடும் அளவு இரண்டும் தனித்தனியாகப் போட்டிருந்தால் ரொம்ப நல்லது. கட்டடங்களுக்கான நம் நாட்டு எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2017-இல் கூல் ரூஃப் என்று சொல்லக் வெயிலைத் திருப்பும் அளவு குறைந்தது 0.6 (நூற்றுக்கு அறுபது), சூட்டை வெளிவிடும் அளவு குறைந்தது 0.9 இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நீங்கள் வாங்குவது அதற்குக் கீழே இருக்கக் கூடாது. எண் எதுவும் போடாமல் 'பத்து டிகிரி குறையும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த பெயின்ட் பெரும்பாலும் மொட்டை மாடியை மனதில் வைத்துச் செய்தது. மொட்டை மாடி ஆடாது. வண்டிக் கூரை ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் குலுங்கும், வெயிலில் விரிந்து ராத்திரி சுருங்கும். அதனால் காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும் அக்ரிலிக் ரகம்தான் வேண்டும். சிமென்ட் கலந்த ரகமோ சுண்ணாம்போ மாடிக்கு நன்றாக வேலை செய்யும், தகட்டில் செதில் செதிலாகக் கழன்று வந்துவிடும்.

அடிக்கும் வேலை என்று பார்த்தால் பெயின்ட் அடிப்பது கடைசி ஒரு மணி நேரம்தான். அதற்கு முந்தினதுதான் எல்லாம். பட்டறையில் பெயின்டர் வழக்கம்போல ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறக்கப் போனார்.

"அண்ணே, இது ஜி.ஐ. தகடு. இதுக்கு ரெட் ஆக்சைடு வேண்டாம்."

"எல்லா வண்டிக்கும் அதுதான் சார் போடறோம்."

"இரும்புத் தகட்டுக்குச் சரி அண்ணே. துத்தநாகம் பூசின தகட்டுல எண்ணெய் பிரைமர் நாளாவட்டத்துல சோப்பு மாதிரி ஆகி உரிஞ்சிடும்."

அவர் நம்பவில்லை. பட்டறை ஓரத்தில் கிடந்த ஒரு பழைய ஜி.ஐ. கதவைக் காட்டினேன். ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பியதும் பெயின்ட் ரெட் ஆக்சைடோடு சேர்ந்து பாய் மாதிரி எழுந்து வந்தது, அடியில் தகடு புதுசாக மின்னியது. அதற்குப் பிறகு அவரே ஆளை அனுப்பி ஜி.ஐ.-க்கென்று வரும் எட்ச் பிரைமர் (துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) வாங்கிவரச் சொன்னார். கம்பி பிரஷ்ஷால் வெள்ளைத் துருவைத் தேய்த்து, எமரி போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டோம். தகடு சேரும் இடங்களிலும் திருகுத் தலைகளிலும் பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட், சேர்ப்புகளின்மேல் ஃபைபர் மெஷ் பட்டை. அந்த மெஷ் பட்டைக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. இன்றுவரை ஒழுகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெயின்ட்டைக் காலையில் பனி உலர்ந்ததும் ஆரம்பித்து தகடு சூடேறுவதற்குள் முடிக்க வேண்டும். சுட்ட தகட்டில் வைத்தால் தண்ணீர் உடனே ஆவியாகி ஊசித் துளைகள் விழும், பின்னால் அதன் வழியாகத்தான் துரு வரும். முதல் கோட் கொஞ்சம் தண்ணீர் கலந்து நீளவாக்கில், இரண்டாவது கலக்காமல் குறுக்குவாக்கில். 4 லிட்டர் டப்பாவில் பாதிக்குமேல் மிஞ்சியது. அதை இறுக்கி மூடி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

சரி, பலன். மே மாதம், வெளியே நிழலில் 41 டிகிரி வாக்கில், கதவு சாத்தி வெயிலில் நின்ற வண்டி. அடிப்பதற்கு முன் கூரையின் அடிப்பக்கம் 60-ஐத் தாண்டியிருந்தது, உள்ளே காற்று 50-ஐத் தொட்டது. அடித்த பிறகு அதே மாதிரி நாளில் கூரை அடிப்பக்கம் 46 பக்கம், காற்று 43 பக்கம். கையை மேலே தூக்கித் தகட்டைத் தொட்டால் முன்பு வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம், இப்போது உள்ளங்கையைச் சிறிது நேரம் வைத்திருக்கலாம். பட்டர் பிஸ்கட் எண்ணெய் விடுவது ஏறக்குறைய நின்றது. பன் ரிட்டர்ன் நன்றாகவே குறைந்தது.

ஆனால் வெளியே 41 என்றால் உள்ளே 41-க்குக் கீழே இறங்கவே இறங்காது. இது ஏசி இல்லை. வெளிக்காற்றுக்கு மேலே ஏறும் சூட்டை மட்டும்தான் இது குறைக்கும். 34-இல் உருகும் சாக்லேட்டுக்கு 43-உம் ஒன்றுதான், 50-உம் ஒன்றுதான். எங்கள் சாக்லேட்டும் கிரீம் கேக்கும் இன்றைக்கும் ஜெல் பாக்கெட் போட்ட தெர்மாகோல் பெட்டியில்தான் போகின்றன. மாறியது என்னவென்றால், அந்த ஜெல் பாக்கெட் முன்பு குடியாத்தத்திலேயே தண்ணீராகிவிடும், இப்போது பேரணாம்பட்டு வரை தாங்குகிறது. அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஓடும் வண்டியில் வித்தியாசம் குறைவு. காற்று கூரையை வருடிக்கொண்டே போவதால் வெறும் தகடும் அவ்வளவு சூடேறாது. இரண்டு மூன்று டிகிரிதான் மாறும். கடை வாசலில் பில் போட நிற்பது, ரயில்வே கேட்டில் மாட்டுவது, டிரைவர் சாப்பிட ஓரங்கட்டுவது, இந்த நிற்கும் நேரம்தான் சரக்கைக் கெடுக்கிறது, பெயின்ட்டும் அங்கேதான் கைகொடுக்கிறது. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் லாரிக்கு இதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது கழுவும் கதை. புதிதில் இந்தப் பரப்பு வெயிலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பி அனுப்பும். அழுக்கு சேரச் சேர அது அறுபது, அறுபத்தைந்துக்கு இறங்கும். பாலாற்றுப் பக்கம் மணல் புழுதி, முன்னால் போகும் லாரியின் டீசல் கரி, புளியமரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சம், எல்லாம் மேலேயே தங்குகிறது. கீழே நிற்கும் நமக்குத் தெரியாது. எங்கள் டிரைவர் அண்ணன் தார்ப்பாய் எடுக்க ஏணியில் ஏறியவர், ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, மேல வந்து பாரு." நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம், சுற்றிலும் டீ நிறம். அன்று மத்தியானம் தெர்மாமீட்டர் பழைய கணக்குக்குப் பாதி வழி ஏறியிருந்தது. மறுநாள் கழுவியதும் பெரும்பாலும் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கோடையில் மாதம் ஒரு முறை கழுவல், எரிபொருள் போடுவதைப் போல அதுவும் ஒரு கணக்கு.

கழுவும் விதத்தையும் சொல்கிறேன். மென்மையான துடைப்பம், சோப்புத் தண்ணீர், நிறைய அலசல், போதும். வாட்டர் சர்வீஸில் விட்டால் பிரஷர் துப்பாக்கியை ஓரங்களில் காட்ட வேண்டாம் என்று கூடவே நின்று சொல்லுங்கள். ஓரம் ஒரு முறை தூக்கிக்கொண்டால் அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் ஐப்பசி மழையே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

யாரும் சொல்லாத ஒன்று மார்கழியில் தெரிந்தது. வெள்ளைக் கூரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடும் அல்லவா, ராத்திரியிலும் அதையே செய்கிறது. குளிர்கால விடியலில் கூரைத் தகடு வெறும் தகட்டைவிட ஜில்லென்று இருக்கிறது. சரியாக ஆறாத பிரெட்டை ஏற்றிக் கதவைச் சாத்தினால் அந்த ஆவி கூரையின் அடியில் பட்டு நீர்த்துளியாகி அட்டைப் பெட்டிமேல் சொட்டும். முன்பு இந்த அளவுக்கு இருந்ததில்லை. பிரெட்டை முழுக்க ஆறவிட்டு ஏற்றுவதும், முதல் கடை வரை மேல் ஜன்னலைத் திறந்து வைப்பதும் போதுமானதாக இருக்கிறது. காய்கறி, பூ ஏற்றுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் கேபின் கூரைக்கும் அடிக்கலாமே என்று யோசித்தோம். அது கம்பெனியிலிருந்தே வெள்ளை, அதனால் அடித்தாலும் பெரிதாக மாறாது என்று விட்டுவிட்டோம். அங்கே உள்கூரைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் ஷீட் வைத்ததுதான் அண்ணனுக்கு உதவியது. பாடிக்கும் ஃபோம் போட்டால் இன்னும் நல்லதுதான். ஆனால் ஃபோம் தகட்டில் ஏறிய சூடு உள்ளே வருவதைத்தான் குறைக்கும், பெயின்ட் வெயில் சூட்டில் பெரும்பகுதியைத் தகட்டிலேயே ஏறவிடாது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் பெயின்ட்.

இப்போது கூரையின் நிலை இதுதான். முன் விளிம்பில் மரக்கிளை உரசிய கீறல்கள், மிச்ச பெயின்ட்டால் அவ்வப்போது ஒட்டுப் போட்டிருக்கிறோம். பின்பக்கம் கயிறு உரசும் இடத்தில் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கிறது. நடுப்பகுதி கெட்டியாக இருக்கிறது, வெடிப்பு இல்லை, ஆனால் கழுவினாலும் பழைய வெண்மை முழுசாக வருவதில்லை. பங்குனி பிறப்பதற்குள் கழுவிக் காயவைத்து மேலே ஒரே ஒரு கோட் போடப் போகிறோம். பிரைமர் தேவையில்லை, தேய்ந்த இடத்துக்கு மட்டும் தொட்டால் போதும். அப்படியே வலதுபக்கத் தகட்டுக்கும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாலையில் பேக்கரி வாசலில் வண்டி நிற்கும்போது மேற்கு வெயில் முழுவதும் அந்தப் பக்கம்தான் விழுகிறது.