லாச்சியைக் கழற்றிப் பாருங்கள்: மலையகத்தில் பழைய தளபாடம் விற்கப் போகிறவர்களுக்கு

மூன்று வார லீவில் லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஊருக்கு வந்து, தாத்தா காலத்து அலுமாரியை விற்றுவிட்டுப் போக நினைப்பவர்கள் செய்கிற முதல் வேலை, டவுனில் ஒரு தச்சு பாஸைப் பிடித்து "நல்லா மினுக்கித் தாங்க" என்று சொல்வதுதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதற்கு ஆள் உடனே கிடைக்கும். காலையில் சேண்டிங் மெஷினோடு வருவார், பின்னேரத்துக்குள் நூறு வருஷ நிறம் தூளாகக் கீழே கிடக்கும். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்தார். ஆனால் விஷயம் தெரிந்த வியாபாரி அந்த நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஆகவே முதலில், சாமான் எவ்வளவு பழையது என்பதற்கான அடையாளம். லாச்சி (இழுப்பறை) ஒன்றை முழுதாக இழுத்துக் கவிழ்த்து வையுங்கள். வெளிப்பக்கம் பல தடவை பொலிஷ் கண்டிருக்கும், அடிப்பலகையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வாள் பட்ட தடம் நேர்கோடாக, இடைவெளி கூடிக் குறைந்து இருந்தால் கையால் அறுத்த பலகை. வில் மாதிரி வளைந்த தடம் வட்டவாள். மூலையில் பலகைகளை விசிறிப் பல்லாகக் கோத்த புறாவால் மூட்டில் பல்லுக்குப் பல் அளவு மாறினால் கைவேலை. பிறகு ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். நுனி மழுங்கி, தலையிலுள்ள வெட்டு நடுவில் விழாமல் ஒதுங்கியிருந்தால் நல்ல சகுனம், ஏனென்றால் கூர்நுனித் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. சிலுவைத் தலைத் திருகாணி 1930களுக்கு முன் கிடையாது. அதைக் கண்டால் பின்னாளில் யாரோ திருத்தியிருக்கிறார்கள், அல்லது சாமானே புதிது. ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பழைய பலகையில் புது அலுமாரி செய்யும் கைகாரர்கள் இலங்கையில் தாராளம். வேலையில்லாத பழைய ஆணித்துளைகள் தென்பட்டால் அந்தப் பலகை வேறெங்கோ இருந்து வந்தது.

மரத்தை அறிய, கண்ணில் படாத இடத்தில் சவர அலகால் மயிரளவு சுரண்டினால் போதும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பலா, மேலே அது காலப்போக்கில் செம்பழுப்பாகிவிடும். முதிரையும் மஞ்சள்தான், ஆனால் வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுத்துணி போல மினுங்கும். கருங்காலி என்று சொல்லி விற்ற கறுப்புக் கதிரையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் பூச்சு. பழுப்பில் கருவரி ஓடிய கலமாண்டரும், ஒல்லாந்தர் காலச் சாமான்களில் அதிகம் வரும் நெடுனும் கிடைத்தால், கண்டிக்கு ஒருமுறை போய் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டாமல் விலை பேச வேண்டாம். மலைநாட்டில் அதிகம் கிடைப்பது ஆங்கிலேயர் காலத்துத் தேக்கும் பலாவும், கால் நீட்டிக் கிடக்க நீண்ட கையுள்ள சாய்மனைக் கதிரையும்.

சுத்தம் செய்வது சின்ன வேலை. மெல்லிய பிரஷ்ஷால் தூசி. பிறகு ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி திரவச் சவர்க்காரம், சொட்டு விழாதபடி பிழிந்த துணி, உள்ளங்கை அளவு இடம், உடனே உலர்ந்த துணி. பழைய மெழுகு பிசுபிசுத்தால் டெர்பன்டைன். ஸ்பிரிட்டை மட்டும் அள்ளிப் பூசாதீர்கள். மறைவிடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பத்து விநாடியில் ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ், ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். பித்தளைப் பிடியைத் தேய்ப்பதென்றால் கழற்றித் தேயுங்கள், இல்லாவிட்டால் சுற்றிலும் வெள்ளை வளையம் விழும். தேய்க்காமல் விடுவது இன்னும் நல்லது.

பொலிஷ் கட்டாயம் வேண்டுமென்றால் மாதம் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி லீவுக்கு வருகிறவர்கள் ஜூலை, ஓகஸ்டில் தென்மேல் மழையோடு வருகிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், பின்னேரம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். அந்த ஈரத்தில் அரக்குப் பொலிஷ் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் பிடித்து, பால் ஊற்றிய மாதிரி வெளிறிப் போகும். இதைப் பொலிஷ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மேலே வார்னிஷ் அடிப்பார்கள், அப்போதுதான் காரியம் கெடும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் ஏறிய பிறகு முற்பகலில் பூசலாம்.

மரத்தைத் துளைக்கும் உளு (வண்டு) இருக்கிறதா என்று பார்க்க, இரவில் சாமானின் காலடியில் கறுப்புக் கடதாசி விரித்து வையுங்கள். காலையில் வெளிறிய மா புதிதாக விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பலாவில் வெளிறிய வெளிப்பக்க மரத்தைத்தான் வண்டு தின்னும், நடுவிலுள்ள வைரத்தைத் தொடுவது அரிது. துளை இருக்கிறது, மா இல்லை என்றால் பழைய காயம், அதை மெழுகால் அடைத்து மறைத்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம்தான் வரும்.

பிரம்புக் கதிரையில் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் கையால் பின்னியது, பள்ளம் மட்டும் இருந்தால் முன்கூட்டியே பின்னி வரும் பிரம்புத் தாளை அழுத்தியது. துளையுள்ளதைப் பள்ளம் வெட்டித் தாள் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கைப்பின்னல் தெரிந்தவரைத் தேட, கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்புக்காரர்கள் இருக்கிறார்கள்.

விலை பேச வரும் லொறிக்காரரின் பழக்கம், நாலைந்து சாமானுக்கும் மொத்தமாக ஒரு தொகை சொல்வது. அவர் கண் வைத்தது ஒன்றின் மேல்தான். ஒவ்வொன்றாக விலை கேளுங்கள், எதை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று தெரிந்துவிடும். கூடப்பிறந்தவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்த பிறகே முற்பணம் தொடவும்.

வெளிநாட்டுக்கே கொண்டுபோக நினைத்தால், பழம்பொருள் ஏற்றுமதி 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. அனுமதிக்குக் கொழும்பு 7இலுள்ள தொல்பொருள் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். லீவு முடிகிற வாரத்தில் அங்கே போய் நிற்பதில் பயனில்லை. மலைக்குளிரில் ஈரம் குடித்திருந்த பலகை ஹீட்டர் போட்ட வீட்டில் சுருங்கி வெடிக்கும், அதையும் யோசியுங்கள்.

விற்றாலும் கொண்டுபோனாலும், லொறியில் ஏற்றுமுன் பெரிய அலுமாரியின் மகுடம், உடல், அடிப்பீடம் மூன்றும் பிரியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் மர ஆப்புதான் பிடித்திருக்கும், ஆணி கிடையாது. ஆப்பை மரச்சுத்தியலால் தட்டியெடுத்து, எது எந்த மூலை என்று எழுதி, சாவியோடு ஒரு துணிப்பையில் கட்டிவிடுங்கள். நுவரெலியா–கண்டி வீதியின் றம்பொடை வளைவுகளில் அலுமாரி நிற்கவைத்துப் போகக் கூடாது, முதுகுப்பக்கம் கீழே படுக்கவைத்துப் போக வேண்டும்.