பதிவுச் சபையா, வீட்டுச் சபையா?

வேப்பேரியில் ஆராதனை முடிந்து டீ கிளாஸோடு நின்றபோது வாலிபர்கள் கேட்டார்கள்: "அண்ணா, சீனாவில் இருந்தா நீங்க எந்தப் பக்கம்? அரசிடம் பதிந்த சபையா, பதியாம வீட்டில் கூடுற சபையா?"

வசதி: பதிவுச் சபைக்குக் கட்டடம், மணி, அச்சிட்ட வேதாகமம். வீட்டுச் சபைக்கு யாரோ ஒருவரின் ஹால். பாட்டைக்கூடத் தணித்துத்தான் பாடணும்.

விலை: பதிவுச் சபையில் பிரசங்கத்தில் அரசின் கை. வீட்டுச் சபைக்குச் சிறை. அரசு சார்ந்த சபை அமைப்பான மூன்று-சுய இயக்கத்தில் சேர மறுத்த போதகர் வாங் மிங்தாவ் 1955-ல் கைதானார். செங்டு போதகர் வாங் யீக்கு 2019-ல் 9 ஆண்டு.

உறுதி: இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1966-ல் கலாசாரப் புரட்சி வந்ததும் அரசோடு ஒத்துக் கையெழுத்துப் போட்ட சபைகளுக்கும் பூட்டுதான். 1979-ல்தான் மறுபடி திறந்தன. வீட்டுச் சபைக்கோ பூட்டக் கோயிலே இல்லை.

வயதான அம்மாவை நிம்மதியாகக் கூட்டிப்போகப் பதிவுச் சபை. பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி வேண்டுமா? பல ஊர்களில் பதிவுச் சபைகள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. அப்போது அந்த ஹால்தான்.