கீழமாசி வீதிக் கடையும் போர் தண்ணீர் உப்புக்கறையும்

மதுரையில் வீடு சுத்தம் பண்ணும் சாமான் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யார் கேட்டாலும் நான் கீழமாசி வீதிக்குத்தான் அனுப்புகிறேன். தேர்முட்டிக்கும் விளக்குத்தூணுக்கும் நடுவே பலசரக்கு மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு இடையில் ஒரு குறுகலான கடை. வாசல் படியிலேயே சாக்குகளை வாய் மடித்து வைத்திருப்பார்கள்: சலவை சோடா, எலுமிச்சை உப்பு, பிளீச்சிங் பவுடர், கல்லுப்பு, பூவந்திக் கொட்டை. மேலே கம்பியில் விளக்குமாறும் தேங்காய் நாரும் தொங்கும். 100 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு எனக்கு அங்கே 150 ரூபாய்க்கு மேல் ஆவதில்லை.

நான் இருப்பது ஆனையூர் பக்கம், மாடியில் வாடகை வீடு. குடிக்க மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், புழங்குவதற்கு போர் தண்ணீர். போர் தண்ணீர் புழங்குகிற வீட்டுக்காரர்களுக்கு மற்றதைச் சொல்லவே வேண்டாம். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலம், குழாய் மூக்கில் கெட்டியாக உப்பு, ஷவரில் பாதித் துளை அடைப்பு, பாத்ரூம் டைல்ஸில் தண்ணீர் வழிந்த தடம் அப்படியே. இந்தக் கறையில் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். ஏனென்றால் அது எண்ணெயோ மண்ணோ கிடையாது, தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியது. அதைக் கரைக்கப் புளிப்புதான் வேண்டும்.

புளிப்பு என்றதும் பலரும் வாங்குவது பாட்டில் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அது. கறை போகும், கூடவே குழாயின் மினுமினுப்பும் போகும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் கரையும். ஊற்றினதும் எழுகிற புகை நெஞ்சை அடைக்கும். சன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஊற்றித் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். வீட்டு வேலைக்கு வரும் அக்காமார் கையில் அந்தப் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அதற்குப் பதில் எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். பார்க்கச் சர்க்கரை போல இருக்கும், வாசனை கிடையாது, புகை கிடையாது. கால் கிலோ 50 ரூபாய்க்குள் வாங்குகிறேன், எங்கள் மூன்று பேர் வீட்டுக்குத் தாராளமாக ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாய் மூக்கில் சுற்றி விடுவேன். அரை மணி நேரம் கழித்துத் துணியை எடுத்து நாரால் இரண்டு தேய் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். ஷவர் தலையைக் கழற்றிக் கிண்ணத்தில் ஊறப் போடலாம். தண்ணீர் கொதிக்க வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைக்கு, அரைப் பாத்திரம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுச் சூடு பண்ணி இறக்கி வைத்தால் போதும். சிறு சிறு குமிழி வரும், அதுதான் சுண்ணாம்பு கரைகிற அடையாளம். எதுவானாலும் கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். டைல்ஸில் போடும்போது முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு அப்புறம் போட்டால் இடுக்குச் சிமெண்ட் அதை அதிகம் குடிக்காது.

இந்தக் கடை எனக்குப் பிடித்ததே இந்த எலுமிச்சை உப்பால்தான். முதன்முறை ஒரு கிலோ கேட்டேன். கடை அண்ணாச்சி நிறுக்கும் முன்னால் "எதுக்கு தாயி, ஊறுகாய்க்கா, கழுவவா?" என்று கேட்டார். கழுவத்தான் என்றேன். "அடுப்பு மேடை என்ன கல்லு?" என்றார். கடப்பா கல் என்றேன். "அப்போ மேடையில இத வைக்கவே கூடாது. கல்லு பூத்துப் போயிரும். பாத்ரூமுக்கு மட்டும்னா கால் கிலோ போதும்" என்று சொல்லி, கேட்டதில் கால் பங்குதான் கொடுத்தார். விற்பனையைக் குறைத்துக்கொண்டு சரியானதைச் சொல்லும் கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவர் சொன்னது முழுக்க உண்மை. கடப்பா கல்லே ஒரு சுண்ணாம்புக்கல்தான், மார்பிளும் அதே இனம். எந்தப் புளிப்பு பட்டாலும் மேற்பரப்பு அரித்து மங்கிவிடும். பழைய வீடுகளில் இருக்கும் மொசைக் தரை, சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடி கல் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெட்டின எலுமிச்சம்பழத்தையும் புளிக்கரைசலையும்கூடக் கடப்பா மேடையில் அப்படியே விட்டுவைக்காதீர்கள். செராமிக் டைல்ஸ், எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் பக்கெட், இவற்றில் எலுமிச்சை உப்பைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

அடுத்தது சலவை சோடா. இதுதான் எண்ணெய்ப் பிசுக்குக்கு. அந்தக் காலத்தில் வெள்ளாவியில் துணி வைத்தபோது உவர்மண் சேர்ப்பார்கள் அல்லவா, அதில் இருந்த சத்தும் இதுதான். அரை பக்கெட் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, தாளிக்கிற இடத்துச் சுவர் டைல்ஸ், கேஸ் அடுப்புக்குக் கீழே, சமையலறை சன்னல் கம்பி என்று துடைத்தால் மஞ்சள் பிசுக்கு வழிந்து வரும். கையுறை கட்டாயம், இல்லாவிட்டால் விரல் நுனி தோல் காய்ந்து வெடிக்கும். அலுமினியத்தில் மட்டும் போடக் கூடாது, கறுத்துவிடும். இட்லிக் கொப்பரை அலுமினியம் என்றால் அதற்குப் புளிதான் நல்லது. இட்லி அவிக்கும்போதே அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போட்டுவிட்டால் கறுப்பே பிடிக்காது.

துணி துவைக்கவும் சலவை சோடா உதவும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரளும். தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பக்கெட் தண்ணீரில் முதலில் ஒரு ஸ்பூன் சோடாவைக் கலக்கிச் சற்று நேரம் விட்டு, பிறகு சோப்புத்தூள் போட்டால் பாதித் தூளிலேயே நுரை வரும். வேட்டி, துண்டு, போர்வைக்கு மட்டும். பட்டிலும் கம்பளியிலும் படவே கூடாது.

இப்போது வீடியோக்களில் ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். பிசுக்குக்குச் சலவை சோடா, உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு என்று தனித்தனியாகப் போட்டால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூவந்திக் கொட்டை பட்டுச் சேலைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் அருமை, தரை துடைக்க ஏற்றதில்லை, கரைசலும் இரண்டு நாளில் புளித்துவிடும். ஈர்க்குச்சி விளக்குமாறு நன்றாக இருக்கிறது, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கையில் பிடித்து உதறிப் பார்த்து வாங்குங்கள். தரை துடைக்கத் துணி எதுவும் வாங்கத் தேவையில்லை. நைந்துபோன சுங்குடிச் சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்தால், கடையில் விற்கும் எந்தத் துடைப்பானைவிடவும் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். எங்கள் வீட்டில் அம்மா கட்டிய சுங்குடிகள்தான் இப்போது தரைத்துணி, மூன்று சேலையிலேயே வருடம் முழுக்க ஓடுகிறது.

கடையில் குறை இல்லாமல் இல்லை. பழைய தண்ணீர் பாட்டிலில் ரோஸ் கலரிலும் பச்சைக் கலரிலும் ஃபினாயில் அடைத்து விற்கிறார்கள். என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்று ஒரு சீட்டுகூட இல்லை. வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆனால் குழந்தைகள் சர்பத் என்று எடுத்துக் குடித்துவிடக்கூடிய பாட்டில் அது. தயவுசெய்து வாங்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் திறந்த சாக்கில் இருப்பதால் ஈரக்காற்று பட்டு வீரியம் குறைந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் மாடிப்படியில் பிடிக்கும் பாசிக்கு அதுதான் வேண்டும் என்றால் புதுச் சாக்குப் பிரிக்கும்போது பார்த்து வாங்குங்கள், மூக்கில் சுருக்கென்று ஏறினால் நல்ல சரக்கு. அதை எலுமிச்சை உப்போடோ வேறு எந்த ஆசிட்டோடோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் போட்டுக் கழுவிய அன்று மற்றதைத் தொடாமல் இருப்பது என் வழக்கம்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. காலை பத்தரைக்குள் போனால் அண்ணாச்சி நின்று பேசுவார். தீபாவளி நெருங்கினால் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க முடியாது, சித்திரைத் தேர் மாசி வீதி சுற்றும் நாளில் சொல்லவே வேண்டாம். மூடியுள்ள டப்பாக்களை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சோடாவும் எலுமிச்சை உப்பும் தாள் பொட்டலத்தில் வீட்டுக்கு வந்தால் எது எது என்று தெரியாது, சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு டப்பாவிலும் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் அண்ணாச்சி மார்க்கர் எடுத்து எழுதித் தருவார்.