திருச்சியா, சிங்கப்பூரா, துபாயா, நியூ ஜெர்சியா: ஒரு செவ்வாய்க்கிழமைக் கணக்கு

சொந்த நாட்டில் வாழ்வது ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பேச்சு உடனே இட்லிக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்விடும். இட்லி மாவு இன்று நியூ ஜெர்சி எடிசனிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாழை இலை போட்டே பரிமாறுகிறார்கள். துபாய் கராமாவில் பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை. ஆகவே சாப்பாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. தேசபக்தியையும் விட்டுவிடுகிறேன். அது எங்கே இருந்தாலும் வரும், தூரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

எங்கள் அண்ணன் நியூ ஜெர்சியில், மச்சினி குடும்பம் சிங்கப்பூரில், மாமா பையன் துபாயில். நான் திருச்சி. எந்த ஊர் தேவலை என்ற சண்டை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓய்ந்ததே இல்லை. நான் பார்த்தவரை எல்லோருமே தப்பான நாளை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். அவர்கள் டிசம்பர் லீவுக்கு வந்து வெயில் இல்லாத திருச்சியைப் பார்த்து உருகுகிறார்கள். நாம் டூரிஸ்ட் விசாவில் போய் சிங்கப்பூரின் மெரினா பே பகுதியைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தங்குவதற்கு யார் சம்மதம் வேண்டும்?

மற்ற எல்லா வித்தியாசங்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. திருச்சியில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடன் சொல்லி வாங்கும் மளிகைக்கடை எல்லாம் அப்படியே இருக்கும். வெளிநாட்டில் வேலையோடு சேர்ந்து ஊரும் போய்விடும்.

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தப் பயம் இல்லை. ஆனால் வேலைவழிக் கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெரும்பாலும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து பிள்ளை கழன்றுவிடும். நாலு வயதில் போய் அங்கேயே வளர்ந்த பெண், கல்லூரிக் காலத்தில் தனக்கென்று ஒரு விசா தேட வேண்டும். இந்தப் பேச்சு வந்தால் எங்கள் அண்ணி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

துபாய் கதை வேறு. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தகுதி இருந்தால் பத்தாண்டு கோல்டன் விசாவும் உண்டு. ஆனால் முப்பது வருஷம் உழைத்தாலும் சாமானியருக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. என்றைக்காவது ஊர் திரும்பத்தான் போகிறோம் என்று தெரிந்தேதான் எல்லோரும் இருக்கிறார்கள். சொல்லப்போனால் அந்தத் தெளிவு நல்லதுதான். மாமா பையன் வேலையில் சேர்ந்த சூட்டோடு திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் மனை பார்க்க ஆரம்பித்துவிட்டான். அண்ணனோ எந்த நாட்டில் வீடு வாங்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்வது ஆபீஸ் வேலைக்காரர்களின் துபாய். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் தேவைப்படுகிற, வெயிலில் உழைக்கும் தொழிலாளர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவில். நிரந்தரவாசம் கிடைக்க வழி உண்டு. பெற்றோர்வழி நிரந்தரவாசம் பெறும் மகன் இரண்டு ஆண்டு தேசியச் சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) செய்தாக வேண்டும். குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

அப்பா அம்மாவை என்ன செய்வது?

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். துபாயிலும் சம்பள வரம்பு உண்டு. அமெரிக்காவில் பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்க மகனோ மகளோ முதலில் குடிமகன் ஆக வேண்டும். அதுவரை டூரிஸ்ட் விசாதான், வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்.

அனுமதி கிடைத்தாலும் அங்கே போய் என்ன செய்வார்கள்? எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே காலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போவார். விலைப்பலகையில் கத்தரிக்காய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைவிட இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டுத் திட்டு வாங்குவார். அப்புறம் பழைய பணிமனை நண்பர்களோடு டீக்கடை. மத்தியானத்துக்குள் ஊரில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அண்ணன் வீட்டில் இருந்தபோது அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கார் இல்லாமல் தெருமுனையைத் தாண்ட முடியாத இடம். கடைக்குப் போகக்கூட மகனிடம் கேட்க வேண்டும். அறுபது வயதுவரை யாரிடமும் எதற்கும் கேட்காதவர் அவர்.

இந்த இடத்தில் திருச்சிக்குப் பக்கத்தில்கூட மற்ற மூன்றும் வராது.

காய்ச்சல் வந்தால்

நியூ ஜெர்சியில் காய்ச்சல் என்றால் முதலில் இன்சூரன்ஸ் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். எந்த டாக்டர் அந்தத் திட்டத்துக்குள் வருகிறார், இந்த வருஷம் கைக்காசு எவ்வளவு கட்டிய பிறகு கம்பெனி கொடுக்க ஆரம்பிக்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். உடம்பு தேறி வாரக்கணக்கு ஆன பிறகு பில் வரும். திருச்சியில் சாயங்காலம் புத்தூர் பக்கம் போய் டோக்கன் போட்டால் ராத்திரிக்குள் டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் போனுக்கு வந்துவிடும். அரசு மருத்துவமனை அதே புத்தூரில்தான் இருக்கிறது, காசே இல்லாதவரும் அங்கே போகலாம்.

ஆனால் பெரிய நோய் வந்தால் கணக்கு மாறிவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான். அதற்கு மேலே இருக்கும் நடுத்தரக் குடும்பம், தனியாக இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால், ஒரு இருதய ஆபரேஷனில் நகையை அடகு வைக்க வேண்டிவரும். துபாயில் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. நம் ஊர் தனியார் கம்பெனிகள் பலவற்றில் அந்தப் பேச்சே கிடையாது.

மிக்ஸி ரிப்பேர்

சின்ன விஷயமாகத் தெரியும், என் வோட்டு இதற்குத்தான் அதிகம். மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துபோனால் ஜார் சுற்றாமல் கரகரவென்று சத்தம் மட்டும் வரும். தெருமுனைக் கடைக்காரர் பிளேடை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பழையதைத் திருகிக் கழற்றி, டப்பாவில் கையை விட்டு அதே அளவில் இன்னொன்றை எடுத்து மாட்டிக் கொடுப்பார். கூடவே பிளேடையும் சாணை பிடித்துத் தருவார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அண்ணி ஒவ்வொரு தடவையும் பெட்டியில் இரண்டு கப்ளர் வாங்கிக்கொண்டு போகிறார். ஜாக்கெட்டுக்குக் கை பிடித்துத் தைப்பது, செருப்பு வார் அறுந்தால் தைப்பது, ஃபேனுக்குக் காயில் கட்டுவது, எல்லாம் அப்படித்தான். நம் ஊரில் பொருளைத் தூக்கிப்போடாமல் வாழ முடிகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் வாங்கும் கூலி குறைவு என்பதால்தான் நமக்கு இது கட்டுப்படியாகிறது. நியூ ஜெர்சியில் பிளம்பர் சொந்த வேனில் வந்து இறங்குகிறார். நம் பிளம்பருக்குப் பி.எஃப். கூடக் கிடையாது. சொந்த ஊரின் சுகத்தைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

தெருவில் நடப்பது

இதில் நமக்குப் பெரிய தோல்வி. சிங்கப்பூரில் கைத்தடி ஊன்றிய பாட்டி தனியாக லிஃப்டில் இறங்கி, நடைபாதையில் நடந்து, பஸ் ஏறிக் கடைக்குப் போய் வருகிறார். நம் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே சாலையைக் கடக்க இளவட்டத்துக்கே தைரியம் வேண்டும். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். அதில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 17,900 பேர். வண்டி எடுத்துப் போன பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நம் செவ்வாய்க்கிழமையின் ஒரு பகுதிதான். "ஊர்னா அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

தமிழ்

இதிலாவது நாம் ஜெயிப்போம் என்று நினைத்தால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. சிங்கப்பூரில் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் ஒன்று. மச்சினி மகன் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறான். திருச்சியில் பிளஸ் டூ மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கிரிக்கெட் ஆடும்போது சண்டை போடுவது தமிழில்தான், மச்சினி மகன் ஆங்கிலத்தில்.

யாருக்கு எது?

ஐந்தாறு வருஷத்தில் கடனை அடைத்து வீடு கட்ட வேண்டும் என்றால் துபாய். சின்னப் பிள்ளைகளோடு பத்திரமாக இருக்க வேண்டும், ஊருக்கும் நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றால் சிங்கப்பூர். திருச்சியிலிருந்து நேரடி விமானமே உண்டு. ஆராய்ச்சி, பெரிய தொழில்நுட்ப வேலை என்றால் அமெரிக்காவுக்கு ஈடு இன்னும் இல்லை. பெற்றோருக்கு வயதாகிவிட்டது, சுமாரான சம்பளம் போதும், நாளைக்கு யார் என்ன சட்டம் போடுவார்களோ என்ற யோசனை இல்லாமல் தூங்க வேண்டும் என்றால் ஊர்தான். என் கணக்கில் ஊருக்குத்தான் மார்க் அதிகம். தெருவையும் ஆஸ்பத்திரி பில்லையும் சரி செய்தால் இன்னும் ஏறும்.

சம்பாதித்துவிட்டுக் கடைசியில் ஊரில் செட்டில் ஆகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியபின் கிடைக்கும் ஓ.சி.ஐ. அட்டையில் இங்கே வந்து எத்தனை காலமும் இருக்கலாம், வீடு வாங்கலாம். வோட்டு மட்டும் போட முடியாது. விவசாய நிலமும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால்தான் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் என்.ஆர்.ஐ.யாக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியராக, இருக்கும்வரை நிலத்துக்கு இதே தடைதான். அண்ணனுக்கு முசிறிப் பக்கம் வாழைத்தோப்பு வாங்கும் ஆசை இருக்கிறது. பாஸ்போர்ட்டை மாற்றாமல் திரும்பி வந்தால் வாங்கலாம்.