மழைச் சீட்டு கற்றுக்கொடுத்த ஆங்கிலம்: 'வேர்ட்ஸ் அண்ட் தேர் ஸ்டோரிஸ்' கேட்ட அனுபவம்

அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில், அமெரிக்க ஆங்கிலத் தொடர்கள் எப்படி வந்தன என்று விளக்கும் 'வேர்ட்ஸ் அண்ட் தேர் ஸ்டோரிஸ்' நிகழ்ச்சியை 2006-ல் கேட்க ஆரம்பித்தேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவின் சிற்றலை வானொலியில் இரைச்சலுக்கு நடுவே வரும். அப்புறம் இணையத்தில் கேட்டேன். இப்போது கைபேசியில் சேமித்து வைத்த ஒலிக்கோப்புகள். தமிழ்வழியில் படித்துவிட்டு அமெரிக்கர்களோடு வேலை செய்யப் போகிறவருக்கு இதைவிட நல்ல துணை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்கத் தொடங்கியபோது அது, ஆங்கிலம் கற்பவர்களுக்கான 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்ற பிரிவில் வந்துகொண்டிருந்தது. 1959 அக்டோபர் 19 அன்று தொடங்கிய பிரிவு. சுமார் 1,500 சொற்களை அடிப்படையாக வைத்து எழுதுவார்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. 2014-ல் 'லேர்னிங் இங்கிலிஷ்' என்று பெயர் மாறியது. மெதுவாகப் பேசுவதால் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம். மொழிதான் எளிமை, விஷயம் பெரியவர்களுக்கானது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவரை அறிவு குறைந்தவராக நடத்தாத அந்த மரியாதைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க அதிகாரி ஒருவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். 'ரெயின் செக்' எடுத்துக்கொள்கிறேன் என்றார். அகராதியைப் புரட்டினேன். அழைப்பை இப்போதைக்கு ஏற்காதிருத்தல் என்கிற மாதிரி ஒரு பொருள் போட்டிருந்தது. சரி, நாசூக்காக மறுத்துவிட்டார் என்று மனசு சங்கடப்பட்டது. சில வாரம் கழித்து பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்த தொடர்களைப் பற்றிய பகுதியைக் கேட்டபோதுதான் விளங்கியது. 1880-களில் மழையால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் காசில்லாமல் வந்து பார்க்க ரசிகர்கள் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டுதான் ரெயின் செக். அப்படியென்றால் அவர் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! அடுத்த முறை அவர் வந்தபோது நானே நினைவுபடுத்தினேன். வந்தார், அம்மா சுட்ட ஆப்பத்தில் நான்கு சாப்பிட்டார்.

அகராதி பொருளைத் தந்தது, இந்த நிகழ்ச்சி அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தது. எனக்கு இத்தனை வருடமும் உதவிய வித்தியாசம் இதுதான். அமெரிக்க அலுவலகப் பேச்சில் பேஸ்பால் எங்கும் இருக்கிறது. உத்தேசக் கணக்கு கேட்டால் 'பால்பார்க் ஃபிகர்' (பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம்), எதிர்பாராமல் வந்த கேள்வி அந்த மைதானத்தின் இடப்பக்க வெளிப்பகுதியான 'லெஃப்ட் ஃபீல்ட்'டிலிருந்து வந்தது. ஒருத்தியைப் பார்த்ததும் மயங்கியவனை 'கிளீன் போல்டு ஆயிட்டான்' என்று நாம் சொல்வதில்லையா? கிரிக்கெட்டே பார்க்காத ஒருவருக்கு அதை விளக்க வேண்டுமென்றால் முதலில் மூன்று குச்சியை நட்டுக் காட்டத்தான் வேண்டும்.

விளையாட்டு மட்டும் இல்லை. 'ஐ ப்ளீட் தி ஃபிஃப்த்' என்றால் பதில் சொல்ல மாட்டேன் என்று பொருள். அந்த 'ஃபிஃப்த்', 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த ஐந்தாவது திருத்தம். குற்ற வழக்கில் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கடைசித் துண்டு கேக்கைத் தின்றது யார் என்று கேட்டால் அங்கே பத்து வயதுப் பிள்ளையும் இதைச் சொல்லிச் சிரிக்கும். சட்டம் சாப்பாட்டு மேசை வரை வந்திருக்கிறது. இந்த ஒரு தொடரில் நான் தெரிந்துகொண்ட அமெரிக்காவைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

ஆனால் புரிந்துகொள்வது வேறு, வாயால் சொல்வது வேறு. யாரிடம், எந்த நேரத்தில் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அலுவலகக் கூட்டங்கள்தான். இறந்துபோவதை 'கிக் தி பக்கெட்' என்பார்கள். துக்கம் விசாரிக்கும்போது அது வாயில் வரவே கூடாது. 'மண்டையைப் போட்டுட்டார்' என்று இழவு வீட்டில் சொல்வோமா? அதனால் புதிதாகக் கேட்ட எந்தத் தொடரையும், அமெரிக்கர்களில் இரண்டு பேராவது வெவ்வேறு இடத்தில் சொல்லக் கேட்கும்வரை நான் பயன்படுத்துவதில்லை. கேட்கும் முறையிலும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: முதல் முறை நிகழ்ச்சியின் எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் காதால் மட்டும், இரண்டாவது முறை அதைப் பார்த்தபடி.

பிறகு ஒருநாள் திருப்பி விளக்கும் வாய்ப்பும் வந்தது. கூட வேலை செய்யும் அமெரிக்கப் பெண் ஒருவர், 'யாருக்குக் காது குத்துற' என்று எங்கள் குழுவில் அடிக்கடி சொல்கிறீர்களே, என்ன அது என்று கேட்டார். ஏமாற்றுவது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் காதுகுத்து விழாவிலிருந்து ஆரம்பித்தேன். தாய்மாமன் மடி, மொட்டை போட்ட தலையில் சந்தனம், வாயில் ஊட்டும் இனிப்பு, குழந்தை அந்தப் பக்கம் பார்க்கும் நேரத்தில் ஊசி. முடிப்பதற்குள் அவருக்கே பொருள் புரிந்துவிட்டது.

2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உத்தரவைத் தொடர்ந்து, 1942 முதல் ஒலித்துவந்த அந்த நிலையத்தின் ஒலிபரப்பு பெருமளவு நின்றுபோனது. அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. அவர்களே தயாரித்த பகுதிகள் பொதுவுடைமை என்பதால், என்னிடம் இருந்ததையெல்லாம் அக்கா மகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பேருந்தில் போகும்போது கேட்கிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டதற்கு, "மாமா, இன்னைக்கு ரெயின் செக்" என்றாள்.